காட்டிக்கொடுப்பவனின் தலை

நெவில் ஓல்டர்ஷா தன் கூடப்பிறந்த அண்ணனை ஈயத்தில் வார்த்து, தலைக்கு நான்கு பவுண்டு விலை வைத்து, உலகம் முழுக்க விற்றுவிட்டார் என்று கெல்தோர்ப்பில் ஒரு பேச்சு உண்டு. பதினோரு வருடமாக உண்டு. எங்கள் ஊரில் ஒரு பேச்சு பதினோரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டால் அது வரலாறு. அதற்குமேல் யாரும் சாட்சி கேட்பதில்லை. நான் கேட்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

நெவில் செய்வது பொம்மை. அவர் காதுபட அப்படிச் சொல்லிவிடக் கூடாது. உருவம் என்று சொல்ல வேண்டும். ஓர் அங்குல உயரம். அந்தக் காலத்து அமெரிக்கக் கொள்ளைக் கூட்டத்தார், அவர்களைத் துரத்தும் போலீஸ், கள்ளச் சாராய லாரி, அதை ஓட்டுகிறவன், ஓட்டுகிறவனுடைய காதலி. மேசையில் அட்டைக் கட்டடங்களை நிறுத்தி, பகடை உருட்டி, அளவுநாடா பிடித்து, இந்த உருவங்களை அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சுட்டுக்கொள்வது விளையாட்டு. ஆடுகிறவர்கள் வளர்ந்த ஆண்கள். வியாழன்தோறும் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் மாடியில் பதினாலு பேர் கூடுகிறோம். பாதிப் பேருக்கு மாடிப்படி ஏறுவதே அன்றைய பெரிய சண்டை.

நெவில் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. சிகாகோவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொப்பி. ஆனால் சிகாகோக்காரர்களே அவருடைய உருவங்களைத் தேடி வாங்குகிறார்கள். குறிப்பாக அவருடைய போலீஸ்காரர்களை. ஒருவனுக்கும் முகம் கிடையாது. தொப்பி மூக்குவரை இறங்கியிருக்கும், அதற்குக் கீழே கோட்டுக் காலர் ஏறியிருக்கும். அச்சமூட்டும் கலைநயம் என்று யாரோ அங்கிருந்து நாலு பக்கம் எழுதியிருந்தார். அதைக் காட்டியபோது நெவில் சொன்னது: "கலையுமில்ல கத்தரிக்காயுமில்ல. அவனுங்களுக்கு மூஞ்சி வைக்க எனக்குக் கை வராது."

எங்கள் மன்றத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. எண்பத்துநாலில் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருடம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது தெருமுனையில் குதிரைப் போலீஸ் நின்ற ஊர் இது. அதனால் எங்கள் மேசையில் யாரும் போலீஸ் பக்கம் எடுத்து ஆடுவதில்லை. கொள்ளைக்காரனாக இருக்கலாம், கொலைகாரனாக இருக்கலாம், மாமூல் வாங்கும் நகரசபைக்காரனாகக்கூட இருக்கலாம். போலீஸை மட்டும் பகடையே நடத்தும். ஒருமுறை மேன்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் நல்லெண்ணத்தோடு, "நான் வேணா போலீஸ எடுத்துக்கறேனே" என்றார். அவருக்குத் தேநீர் மட்டும் வரவில்லை.

போலீஸைவிடக் கீழான ஓர் உருவமும் அந்தத் தொகுப்பில் உண்டு. பெயர் காட்டிக்கொடுப்பவன். ஒல்லியான ஆள். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்திருப்பான், கீழுதட்டைப் பல்லால் கடித்தபடி தோளுக்குமேல் திரும்பிப் பார்ப்பான். நூறு உருவங்களில் முழு முகம் தெரிவது இவன் ஒருவனுக்குத்தான். அந்த முகம் ரோலண்ட் ஓல்டர்ஷாவின் முகம் என்பதுதான் பேச்சு.

ரோலண்ட், நெவிலைவிட இரண்டு வயது மூத்தவர். இருவரும் ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்கள். வேலைநிறுத்தத்தின் ஒன்பதாவது மாதம் ரோலண்ட் வேலைக்குத் திரும்பினார். கல்லெறிக்குப் பயந்து கம்பிவலை போட்ட பேருந்தில் போய்க் கம்பிவலை போட்ட பேருந்தில் வந்தார். நெவில் கடைசி நாள்வரை நின்றார். போராட்டம் தோற்று எல்லோரும் திரும்பியபோது கணக்குப் பார்த்தால், ரோலண்ட் முந்திக்கொண்டது பதினாறு வாரம். அந்தப் பதினாறு வாரத்துக்கு ஊர் அவருக்குக் கொடுத்த பெயர் கருங்காலி. பிறகு சுரங்கத்தையே மூடினார்கள். மூடியவர்கள் கருங்காலி, மற்ற காலி என்று பேதம் பார்க்காமல் எல்லோரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊர் மட்டும் பேதம் பார்ப்பதை விடவில்லை.

முதலில் மேவிஸிடம் போனேன். மன்றத்தின் மதுமேசைக்குப் பின்னால் முப்பது வருடமாக நிற்பவர். ஆண், பெண், பாதிரியார் என்று பார்க்காமல் எல்லோரையும், எங்கள் பக்கத்துச் செல்லச் சொல்லாக, வாத்தே என்று கூப்பிடுகிறவர்.

"அது ரோலண்டுதான்னு யார் முதல்ல சொன்னது மேவிஸ்?"

"நான்தான் வாத்தே. பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு. பெட்டியத் தொறந்தேன், ரோலண்டு எட்டிப் பாக்கறான்."

"நெவில் அப்படிச் சொன்னாரா?"

"அவன் எதைத்தான் வாயத் தொறந்து சொல்லியிருக்கான்? கேட்டேன். கோப்பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இல்லன்னு சொல்லலையே."

பிறகு என்ன நடந்தது என்பதையும் மேவிஸ் மறைக்கவில்லை. இருபது வருடம் மன்றத்து வாசலை மிதிக்காதிருந்த ரோலண்ட், மனைவி இறந்த பிறகு ஞாயிறு மதியங்களில் மெல்ல வரத் தொடங்கியிருந்தார். கதவோரம் ஓர் ஒற்றை நாற்காலி. அரைக் கோப்பை பியர். யாரும் பேசமாட்டார்கள், ஆனால் ஒருவர் இருவர் தலையசைக்கிற அளவுக்கு வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் இந்தத் தொகுப்பு வெளியானது. யாரோ காட்டிக்கொடுப்பவனுக்கு அழகாக வண்ணம் தீட்டி, ரோலண்டுடைய கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போனார்கள். கோட்டு நிறம்கூட ரோலண்டின் கோட்டு நிறம். அவர் கோப்பையை முடிக்காமல் எழுந்து போனார். அதன்பின் வரவில்லை.

"அந்த நாற்காலி?"

"குடை வைக்கறோம் வாத்தே."

நெவிலின் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். பழைய சுரங்கக் குடியிருப்பில் கோடி வீடு. தனியாள். மனைவி லிங்கனில் தங்கையோடு இருக்கிறார். பிரிவுக்குக் காரணம் உருவம் செய்யும் பச்சைப் பிசின் என்று அவர் சொல்வதாகக் கேள்வி. அதை நான் விசாரிக்கவில்லை, ஒரு நேரத்தில் ஒரு வதந்தி போதும். நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டை வரும், பிசைந்தால் பச்சையாகும், ஒன்றரை மணி நேரத்தில் இறுகிவிடும். கதவு தட்டினாலும் சரி, கல்யாண நாள் வந்தாலும் சரி, கையிலுள்ள பிசின் இறுகும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார். கதவு திறந்திருந்தது, நானே உள்ளே போனேன்.

சமையலறை மேசையில் கம்பிமேல் தலையில்லாத ஒரு கொள்ளைக்காரன்; அவன் தலை தனியாக நெவிலின் கையில். பக்கத்தில் ஊசிகளும் பல் மருத்துவரின் கொக்கிகளும் கிடந்த ஒரு தகர டப்பா. சுரங்கத்துக்குச் சோறு கொண்டுபோகும் டப்பா, ரொட்டித் துண்டின் வடிவத்தில் செய்தது. மூடியில் ஆணியால் கீறிய ஆர், ஓ என்ற எழுத்துகள். டப்பாவுக்குப் பின்னால் முகம் மழிக்கும் வட்டக் கண்ணாடி ஒன்று, ஜாம் பாட்டிலில் சாய்ந்து நின்றது.

"உக்காரு இளவட்டம். பேசாத. காது வைக்கறேன்."

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு எண்பது வயதிலும் அடுத்தவன் இளவட்டம்தான். உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் தன் காதைப் பார்ப்பார், ஊசியால் ஒரு தொடுதல், மறுபடி கண்ணாடி. தொட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்த காட்டிக்கொடுப்பவனும் அதே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பயத்தால் கடிக்கிறான் என்று பதினோரு வருடமாகச் சிகாகோ நினைத்துக்கொண்டிருந்தது.

உருவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது ரோலண்ட் இல்ல. நீங்க."

அவர் ஊசியை வைத்தார். "கண்ணாடியப் பாத்துதான் செய்வேன். வேற யாரு மூஞ்சி எனக்கு ஓசியில வரும்?"

"ஊர் முழுக்க ரோலண்டுன்னு சொல்றாங்களே."

"ஓல்டர்ஷா மூஞ்சி. எங்கப்பன் ரெண்டு பேரையும் ஒரே அச்சுல ஊத்திட்டுப் போயிட்டான். அதுக்கு நான் என்ன பண்ண?"

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? காட்டிக்குடுத்தவன் நான்தான், வந்து பாருங்கன்னா?" அவர் சிரிக்க முயன்றது போலிருந்தது. "இளவட்டம், இந்த ஊருல எங்கிட்ட என்ன இருக்கு? சுரங்கம் இல்ல. பொண்டாட்டி இல்ல. சுண்டு விரல் பாதி இல்ல. கடைசி நாள்வரைக்கும் நின்னவன்கிற ஒண்ணுதான் இருக்கு. அத எடுத்து அவங்கிட்ட குடுக்கச் சொல்றியா?"

"அவரு பதினோரு வருஷமா மன்றத்துக்கு வரல."

"நான் அவனோட முப்பத்தஞ்சு வருஷமாப் பேசல."

பிசின் இறுகும்வரை இருந்தேன். வாசலில் வைத்து அவராகவே சொன்னார்: "வார்ப்படத்துக்கார பெக்சன் சொன்னான், அந்த அச்சு தேஞ்சுபோச்சாம், புதுசு போடணுமாம். தலைய மாத்திடறேன். சத்தமில்லாம. எதையும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாத. வேற ஒரு தல. போதுமா?"

போதும் என்று நான் நினைத்தேன். நான் எழுதுகிறவன், அதிகப்பிரசங்கித்தனம் என் தொழில்; அன்று அது தர்மம்போலத் தெரிந்தது. நேரே ரோலண்ட் வீட்டுக்குப் போனேன். சொல்லாதே என்றது ஊருக்குத்தானே, அண்ணனுக்கு இல்லையே என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

ரோலண்ட் எனக்குப் பட்டாணி சூடாக்கிக் கொடுத்தார், புதினாச் சாறு ஊற்றி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியாதா? உதட்டக் கடிக்கறது அவன். சின்ன வயசுல சிலேட்டுல எழுதறப்பவே கடிப்பான். எங்கம்மா ரத்தம் தொடச்சு விடுவா."

"அப்ப நீங்க ஏன் சொல்லல?"

"கருங்காலி சொன்னா எந்தக் காது கேக்கும்?" அவர் கரண்டியால் பட்டாணியை நசுக்கினார். "அது நானில்லன்னு சொல்லிக் கொடி ஏத்தணும்னு எனக்கு ஆசையில்ல. ஞாயித்துக்கெழம அந்த நாற்காலி. அரக் கோப்ப. யாரும் பேச வேண்டாம். செவுத்தப் பாத்துக்கிட்டு இந்த வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு அங்க போயி அந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ்வளவுதான்."

எழும்போது கேட்டார்: "அவன் மேச மேல ஒரு டப்பா இருந்துதா?"

"இருந்துச்சு. மூடியில உங்க எழுத்து."

"எண்பத்துநாலு சனவரியில வாங்கினான். அவனோடது தூணுக்கடியில சிக்கி நசுங்கிப்போச்சு. நாளைக்குத் தரேன்னான்." அவ்வளவுதான் சொன்னார். வேலைக்குத் திரும்பியதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதற்குக் காரணம் வைத்திருப்பதும் ஒரு குற்றம்.

நெவில் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். பழைய உருவத்தின் உலோகத் தலையை நகைக்கடை வாளால் அறுத்தார். கழுத்தில் துளையிட்டார், கம்பி செருகினார், புதுப் பிசினில் வேறு தலை செய்தார். வேறு மூக்கு வைக்க நினைத்ததாகவும், தாடி வைக்கலாமா என்று யோசித்ததாகவும் பிறகு சொன்னார். ஆனால் இறுகுவதற்கு ஒன்றரை மணி நேரம். கை வேகமாகப் போகும்போது கண் பழகின இடத்துக்குத்தான் போகும். பழகின இடத்தில், ஜாம் பாட்டிலில் சாய்ந்தபடி, அந்தக் கண்ணாடி நின்றது.

பெக்சன் அச்சுப் போட்டு, வார்த்து, முதல் பெட்டியை மன்றத்துக்கே அனுப்பிவிட்டார். அன்போடு. அது வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே ரோலண்டுக்குத் தொலைபேசியில், "மாத்தியாச்சு, நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருந்தேன்.

வந்தார். பழுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை, தலைமுடியில் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். கதவோர நாற்காலியிலிருந்த குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மேவிஸ் கேட்காமலே அரைக் கோப்பை ஊற்றினார். அறையின் மறுகோடியில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே, நெவில் தன் வழக்கமான இடத்தில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் முப்பத்தைந்து வருடத் தேர்ச்சி பெற்றவர்கள்.

கோப்பையைக் கொண்டுபோய் வைத்த மேவிஸ் திரும்பவில்லை. ஏப்ரன் பையிலிருந்து அந்தப் புது உருவத்தை எடுத்து அவர் முன்னால் நிறுத்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலில் கெட்ட எண்ணமே இல்லை.

"பாரு ரோலண்டு. ஒன் தம்பி ஒன்ன மறக்கல. வயசக்கூட ஏத்தியிருக்கான் பாரேன். கண்ணுக்குக் கீழ பை, தாடையில தொங்கற சதை, எல்லாம் இப்ப இருக்கற மாதிரியே."

அப்போதுதான் நானும் பார்த்தேன். பழைய தலை ஐம்பத்தெட்டு வயது நெவில். புதியது அறுபத்தொன்பது வயது நெவில். பழையது ரோலண்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்றால் புதியது அச்சு அசல். வயதாக ஆகச் சகோதரர்கள் ஒரே ஆளாகிவிடுகிறார்கள் என்பது அந்தப் பிசினுக்குத் தெரிந்திருக்கிறது.

உருவம் கைக்குக் கை மாறியது. "யப்பா, பதினோரு வருஷமாயும் காந்தல் தீரலையே நெவிலுக்கு." "தீருமா? பதினாறு வாரமாச்சே."

நான் எழுந்து நின்றேன். "அது ரோலண்ட் இல்ல. அது நெவிலோட மூஞ்சி. கண்ணாடி பாத்துச் செஞ்சது. உதட்டப் பாருங்க."

பிறகு சிரிப்பு; கூரை அதிர, மனம் நிறைந்த சிரிப்பு. என் எழுத்துக்கு இதுவரை கிடைக்காதது.

"நெவிலா? காட்டிக்குடுக்கறவனா? கடைசி நாள்வரைக்கும் நின்ன மனுஷன்யா."

"நீயே சொல்லுப்பா நெவில்" என்று யாரோ கத்தினார்கள்.

நெவில் கோப்பையைப் பார்த்தபடி கீழுதட்டைப் பல்லால் கடித்தார். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோலண்ட் இந்த முறை பியரை முடித்தார். அவசரப்படாமல். கோட்டுப் பொத்தானைப் போட்டார். பிறகு, நெவிலைப் பார்க்காமல், மதுமேசையைப் பார்த்துச் சொன்னார்:

"மேவிஸ், அங்க இருக்கற ஆளுகிட்டச் சொல்லு. தலைய அவனே வச்சிக்கட்டும். என் சோத்து டப்பா வேணும்."

மேவிஸ் திரும்பினார். இருபதடி தூரம், எல்லோர் காதிலும் விழுந்தாயிற்று. "நெவில், ஒன் அண்ணன் டப்பா கேக்கறான்."

"வேணும்கறவன் வந்து எடுத்துக்கச் சொல்லு."

"ரோலண்டு, வந்து எடுத்துக்..."

"வாங்கினவன் கொண்டாந்து குடுக்கணும்னு சொல்லு."

ரோலண்ட் சுவரில் சாய்த்த குடைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிமேல் வைத்துவிட்டு வெளியே போனார். கதவை அவர் அறையவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கிறார், பேசுகிறார், பட்டாணி வேண்டுமா என்று கேட்கிறார். மன்றம் என்ற சொல் வந்தால் மட்டும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறார்.

புதுத் தலை நன்றாக விற்கிறது. பழைய தலையும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெக்சன் இரண்டையும் சேர்த்து, இளையவன் முதியவன் என்று ஒரு பொட்டலமாகப் போட யோசிக்கிறார். சிகாகோவிலிருந்து மறுபடி நாலு பக்கம் வந்திருக்கிறது: குற்றவுணர்வில் ஒரு மனிதன் எப்படி மூப்படைகிறான் என்பதை இதைவிடச் சொல்ல முடியாதாம். நெவிலிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கலையுமில்ல கத்தரிக்காயுமில்ல என்று இந்த முறை சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நெவில் வீட்டில் ஒன்று பார்த்தேன். மேசையில் ஊசிகளும் கொக்கிகளும் ஒரு காப்பிக் குவளைக்கு மாறியிருந்தன. தகர டப்பா கழுவித் துடைத்து, மூடியைச் சாத்தி, கதவருகே அலமாரியில் தனியாக இருந்தது. நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"தொடாத" என்றார். "அது ஒங்கிட்ட வாங்கினதில்ல."